கண்டி நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

கண்டி வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் ஓடையாக நகரின் ஊடே ஓடி, கெட்டம்பேயில் மகாவலி கங்கையில் விழுகிறது. வீடுகள், உணவகங்களின் கழிவுநீர் நெடுங்காலம் இவ்வோடையிலேயே கலந்தது. கீழ்நோக்கிச் சிறிது தொலைவில், கட்டுகஸ்தோட்டையில், அதே ஆற்றிலிருந்துதான் குடிநீர் எடுக்கப்படுகிறது. சிக்கலின் கடுமை இதில்தான் இருக்கிறது.

இதற்கெனக் கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. ஜப்பானியக் கடனுதவியில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இதைச் செயற்படுத்தியது. குழாய்களில் திரட்டப்படும் கழிவுநீருக்குக் காற்றூட்டினால் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிமப் பொருளை உண்கின்றன. சேறு படிந்தபின் தெளிந்த நீர் கிருமிநீக்கம் செய்யப்படுகிறது. வடிகுழாய் எட்டாத மலைச்சரிவு வீடுகள் மலக்குழிகளையே நம்பியுள்ளன.