கடையின் பெயர்ப்பலகை எப்போது ‘விளம்பரம்’ ஆகிறது? உரிமம் தேவைப்படும் இடங்களும் தேவைப்படாத இடங்களும்

மும்பை: பெருநகரங்களில் விளம்பரப் பலகைகளுக்கான கட்டுப்பாடுகள் இறுகி வரும் நிலையில், அவற்றின் சுமையைச் சிறு கடைகளும் சுமக்க நேரிடுகிறது. சாலையோர ராட்சதப் பலகைகளை அகற்ற வரும் மாநகராட்சி ஊழியர்களின் பார்வை, அதே தெருவில் உள்ள மருந்துக் கடையின் ஒளிரும் பலகை மீதும் விழுகிறது. ஆயினும், ஒருவர் தமது கடையின் பெயரைத் தமது கடை முகப்பில் எழுதிக்கொள்வதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. அந்தப் பெயர்ப்பலகை எந்த இடத்தில் ‘விளம்பரம்’ ஆக மாறுகிறது என்பதை அறிந்திருப்பவர் கட்டணத்தையும் அபராதத்தையும் பெருமளவு தவிர்க்க முடியும்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மும்பை. 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம், 328அ பிரிவின்கீழ், மாநகராட்சி ஆணையரின் அனுமதியின்றி விளம்பரம் வைப்பதைத் தடை செய்கிறது. அதே பிரிவு சில விலக்குகளையும் அளிக்கிறது. கட்டடத்தின் ஜன்னலுக்குள் காட்சிக்கு வைக்கப்படுபவை, அந்தக் கட்டடத்தினுள் நடைபெறும் வணிகம் தொடர்பானவை, கட்டடத்தின் பெயரையோ உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் பெயரையோ தெரிவிப்பவை ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை. நிபந்தனைகள் இரண்டு: பலகையில் விளக்கு இருக்கக் கூடாது, அது வான் பலகையாக இருக்கக் கூடாது.

வான் பலகை என்பது கம்பம், சட்டகம் போன்றவற்றின் மீது வானத்தின் பின்னணியில் தெரியும்படி உயர்த்தி நிறுத்தப்படுவது. அதற்கு 328ஆவது பிரிவின்கீழ் தனி அனுமதி பெற வேண்டும். எனவே, வர்ணம் பூசிய தகரப் பலகையைக் கடை வாசலுக்கு மேல் பொருத்தும் மளிகைக் கடைக்காரருக்கு உரிமம் வேண்டியதில்லை. அதே எழுத்துகளுக்குப் பின்னால் எல்இடி விளக்கைப் பொருத்தினால் உரிமமும் கட்டணமும் வந்துவிடும். கண்ணாடிக்கு உள்ளே வைத்த ஒளிரும் பலகைக்கும் இதே நிலைதான். பலகை செய்து தருபவர்கள் இதைச் சொல்வது அரிது. விளக்குப் பலகையில்தான் அவர்களுக்கு வருமானம் அதிகம்.

மாநகராட்சிகளின் கண்டிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 மே 13ஆம் தேதி மும்பை காட்கோபரில் பலத்த காற்றில் விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் நிலையத்தின் மீது சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்ச அளவு 40க்கு 40 அடி. அந்தப் பலகையோ 120க்கு 120 அடி. பெங்களூருவில் உயர் நீதிமன்றத்தின் கடும் கண்டனத்தைத் தொடர்ந்து 2018 ஆகஸ்டில் அப்போதைய மாநகராட்சி மன்றம் வணிக விளம்பரப் பலகைகளுக்குத் தடை விதித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இலவசப் பலகையின் விலை

குளிர்பானம், வர்ணம், கைபேசி நிறுவனங்கள் கடைகளுக்கு இலவசமாகப் பலகை தருவது நாடு முழுவதும் உள்ள வழக்கம். அதில் நிறுவனத்தின் சின்னம் பெரிதாகவும், கடையின் பெயர் ஓரத்தில் சிறிதாகவும் இருக்கும். அந்தப் பொருள் கடையினுள் விற்கப்படுவதால் அதுவும் கடையின் வணிகமே என்று வாதிட இடமுண்டு. ஆனால் இத்தகைய பலகைகளில் பல ஒளிரும் பலகைகளாகவே வருகின்றன. அப்போது அந்த வாதத்துக்கே இடமில்லை. அதிகாரியின் அறிவிப்பும் நிறுவனத்துக்கு அன்றிக் கடைக்காரருக்கே வந்து சேரும். உரிமக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதைப் பலகையை மாட்டும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

2016ஆம் ஆண்டின் 101ஆவது அரசமைப்புத் திருத்தம், விளம்பர வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதனால் கட்டணமே இல்லை என்று கருதுவது தவறு. நீக்கப்பட்டது வரி, மும்பையில் உரிமக் கட்டணம் தொடர்கிறது.

மொழி விதி

உரிமம் தேவைப்படாத பலகைக்கும் மொழி விதி பொருந்தும். மகாராஷ்டிரத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பத்துக்கும் குறைவான பணியாளர்கள் உள்ள கடைகளும் மராத்தியில் தேவநாகரி எழுத்தில் பெயர் எழுத வேண்டும். பிற மொழி எழுத்துகளைவிட அது சிறியதாக இருத்தல் ஆகாது. இதை எதிர்த்த வணிகர்களுக்கு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாத அவகாசம் மட்டுமே அளித்தது. மராத்திப் பலகை இல்லாத கடைகளுக்கு 2024 மே 1 முதல் இருமடங்கு சொத்து வரி விதிக்கப்படும் என மும்பை மாநகராட்சி பின்னர் அறிவித்தது. கர்நாடகத்தில் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேற்பகுதியில். புதிய பலகைக்குச் செலவிடும் முன் இந்த அளவைச் சரிபார்க்காதவர் இரண்டு முறை செலவழிக்க நேரிடும்.

சண்டீகர் இவற்றுக்கெல்லாம் முந்தியது. அங்கு 1954ஆம் ஆண்டின் விளம்பரக் கட்டுப்பாட்டு ஆணை இன்றும் நடைமுறையில் உள்ளது. கட்டடத்தின் வடிவமைப்பு ஒதுக்கிய இடத்தில் மட்டுமே கடையின் பெயர் அமைய வேண்டும்.

சுவரும் நடைபாதையும்

சுவரில் எழுதுவது மலிவானது, ஆனால் ஆபத்தானது. தில்லியில் 2007ஆம் ஆண்டின் சொத்து உருக்குலைப்புத் தடுப்புச் சட்டத்தின்படி, பொதுமக்கள் பார்வையில் உள்ள சொத்தில் எழுதினால் ஓராண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் பெயரும் முகவரியும் மட்டும் இங்கும் விலக்குப் பெறுகின்றன. தம் கடைச் சுவரில் பெயர் எழுதுவது குற்றமாகாது. அடுத்த தெருச் சுவரில் ‘மாபெரும் தள்ளுபடி’ என்று எழுதுவது குற்றமாகலாம்.

நடைபாதையில் மடக்குப் பலகை வைப்பதையும் தவிர்க்க வேண்டும். மும்பைச் சட்டத்தின் 313ஆவது பிரிவு தெருவில் தடையாகப் பொருள் வைப்பதைத் தடுக்கிறது. 314ஆவது பிரிவின்கீழ் முன்னறிவிப்பின்றி அதை அகற்றலாம். பலகையை வாசற்படிக்கு உள்ளே நகர்த்துவதே எளிய வழி.

ஃபிளெக்ஸ் பதாகைகளைப் பொறுத்தவரை, 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பதாகைகளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. துணிப் பதாகைக்கு இத்தடை பொருந்தாது. எனினும் பொது இடத்தில் கட்டுவதற்கு அனுமதி வேண்டும்.

ஆட்டோ, வேன் மீதான விளம்பரத்துக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையின் விதிகளைப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி வழி அறிவிப்புக்கு அனுமதி தேவை. வணிகப் பகுதியில் பகல்நேர ஒலி வரம்பு 65 டெசிபல். நாளிதழுக்குள் வைத்து வினியோகிக்கும் துண்டறிக்கை சுவரிலோ தெருவிலோ நிறுத்தப்படுவதில்லை என்பதால் பலகை விதிகளுக்குள் வராது. வாடிக்கையாளர் பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் கடைக்கு அதுவும், ஜன்னலுக்குள் ஒட்டிய, விளக்கில்லாத விலைப்பட்டியலுமே மலிவான வழிகள்.