நெல்லிக்காய் அளவு புளி

1986-இல் என் அம்மாவுக்கு ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து 15 ரூபாய் மணியார்டர் வந்தது. தோசை மாவு புளித்துப்போனால் என்ன செய்யலாம் என்று அஞ்சலட்டையில் நாலு வரி எழுதிப் போட்டிருந்தார். அது துணுக்காக அச்சாகிவிட்டது. கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் தெருவில் அதற்கு முன்பு எந்தப் பெண் பேருக்கும் மணியார்டர் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. பணத்தை அன்று சாயங்காலமே தாத்தா வாங்கிக் காப்பித்தூள் பாக்கிக்குக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு மிஞ்சியது படிவத்தின் அடியில் கிழித்துத் தருகிற கூப்பன்தான். ‘சன்மானம்’ என்று அதில் நீல மையில் எழுதியிருந்தது.

இருபத்து நாலு வருடம் கழித்து, 2010 தீபாவளிக்கு முந்தைய வாரம், கோவை வடவள்ளியில் என் வீட்டு வாசலில் கூரியர் பையன் கையெழுத்துக் கேட்டு நின்றான். உறைக்குள் 4,511 ரூபாய்க்குக் காசோலை. என் வலைப்பதிவின் விளம்பரக் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். அது கைக்கு வர எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வங்கியில் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த குமாஸ்தா, “கூகுள்லயாங்க வேலை பாக்கறீங்க?” என்றார். “இல்லீங்க, அரிசிம்பருப்பு எப்படிச் செய்யறதுன்னு எழுதினேனுங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சமையலை எழுதிக் காசு பார்த்தவள் நான் ஒன்றும் முதலாமவள் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தைக் கொண்டுவந்தார். நாட்டில் கிலோவும் லிட்டரும் சட்டமாவதற்கு முந்தைய புத்தகம். புக்ககம் போகிற பெண்ணின் பெட்டியில் புடவையோடு அதுவும் போகும். அதற்கும் முன்னால், பள்ளிக்கூடமே போகாத வை. மு. கோதைநாயகி 1925-இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தி, தன் நாவல்களைத் தானே தொடராக எழுதி, சுமார் முப்பத்தைந்து வருடம் ஓட்டினார். தானே எழுதி, தானே வெளியிட்டு, தானே கணக்குப் பார்ப்பது என்ற வலைப்பதிவு வேலை அவருக்குத் தெரிந்த வேலைதான். அச்சு இயந்திரமும் காகித பாக்கியும் மட்டும் எங்களுக்கு இல்லை.

எங்களுக்கு அச்சகமாக இருந்தது பிளாகர். 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் அதை ஆரம்பித்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. அதே வருடம் ஏப்ரலில் அப்ளைடு செமாண்டிக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தையும் 102 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஒரு பக்கத்தை இயந்திரமே படித்து, அது எதைப் பற்றியது என்று கண்டுபிடிக்கிற வித்தை அவர்களிடம் இருந்தது. ஆட்சென்ஸ் என்ற பெயரும் அவர்களுடையது. ஜூன் மாதம் அந்தப் பெயரில் கடை திறந்தது. நாம் செய்ய வேண்டியது, அவர்கள் தருகிற நாலு வரி நிரலை நம் பக்கத்தில் ஒட்டுவது மட்டும். பக்கத்தில் புளிக்குழம்பு இருந்தால் பக்கவாட்டில் மிக்ஸி விளம்பரம் வரும். யாராவது அதைச் சொடுக்கினால் விளம்பரதாரர் கொடுக்கும் தொகையில் அப்போது நமக்குப் பங்கு கிடைத்தது. எவ்வளவு பங்கு என்பதை ஏழு வருடம் சொல்லாமலே இருந்தார்கள். 2010 மே மாதம்தான் 68 சதவீதம் என்று வெளியே சொன்னார்கள்.

இதை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு. அமித் அகர்வால் 2004-இல் ஹைதராபாத் கணினி வேலையை விட்டுவிட்டு ஆக்ராவுக்குத் திரும்பி, வீட்டிலிருந்து எழுத உட்கார்ந்தார். இந்தியாவின் முதல் முழுநேரப் பதிவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஜேசன் காட்கி 2005-இல் வேலையை விட்டு, விளம்பரமே வேண்டாம், வாசகர்களே கொடுங்கள் என்று மூன்று வாரம் துண்டை விரித்தார். 1,450 பேர் 39,900 டாலர் போட்டார்கள். ஒரு வருடத்தில் அந்த ஏற்பாட்டை அவரே நிறுத்திக்கொண்டார். வாசகரிடம் கை நீட்டுவதற்கு ஒரு தனித் தெம்பு வேண்டும். கதாகாலட்சேபக்காரர்கள் தட்டை எந்த இடத்தில் சுற்றவிடுவது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

தமிழில் கதை வேறு. 2003 வாக்கில் வலைப்பதிவுகள் முளைக்க ஆரம்பித்தபோது திரையில் ஒழுங்காகத் தமிழ் தெரிவதே பெரிய காரியம். ஆளுக்கொரு எழுத்துரு, குறியேற்றம். ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு வந்து அந்தச் சண்டை மெல்ல அடங்கியது. 2004-இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கியதும் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே திண்ணைக்கு வந்தார்கள். வாரம் ஒருவர் நட்சத்திரப் பதிவர். பதிவு போட்ட ஐந்தாவது நிமிடம் “வடை எனக்கே” என்று ஒருவர் பின்னூட்டம் போடுவார். முதலில் வந்தவருக்கு வடை என்று கணக்கு. பின்னூட்டத்திலேயே கும்மி அடிப்பார்கள், உள்குத்து வைப்பார்கள், பதிவர் சந்திப்பு என்று ஏதாவது பூங்காவில் கூடுவார்கள். நானும் 2008-இல் கொங்குச் சமையல் பற்றித் தமிழில் எழுத ஆரம்பித்தேன். சந்தகை பிழிவது எப்படி என்ற பதிவுக்கு 93 பின்னூட்டம். பத்துப் பைசா கிடையாது.

ஆட்சென்ஸ் ஏற்றுக்கொள்ளும் மொழிப் பட்டியலில் அப்போது தமிழ் இல்லை. இயந்திரத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தமிழ்ப் பக்கத்தில் விளம்பரம் போட அன்று ஆள் இல்லை. அதனால் காசு வேண்டியவர்கள் ஆங்கிலத்தில் இன்னொரு கடை போட்டார்கள். தமிழில் அரசியலும் கவிதையும் எழுதுகிறவர், ராத்திரி ஆங்கிலத்தில் கணினிக் குறிப்பு எழுதுவார். எந்தச் சொல்லுக்குச் சொடுக்கு விலை அதிகம் என்று ஒரு பட்டியல் மின்னஞ்சலில் சுற்றியது. காப்பீடு, கடன், வழக்கறிஞர் எல்லாம் மேலே இருக்கும். ஆக மேலே மீசோதீலியோமா. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வருகிற புற்றுநோய். அமெரிக்காவில் அதற்கு நஷ்டஈட்டு வழக்குப் போடுகிற வக்கீல்கள் ஒரு சொடுக்குக்கு அள்ளிக் கொடுத்தார்கள். வாழ்நாளில் ஒரு அமெரிக்க வக்கீலையும் பார்த்திராத எங்களூர்ப் பையன்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். வேடிக்கைதான். ஆனால் அவர்கள் கூரைக்கும் மேலே அதே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் இருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எனக்குத் தெரிந்தது சமையல்தான். 2009 டிசம்பரில் ஆங்கிலத்தில் தொடங்கினேன். இந்தியாவிலும் சீனாவிலும் இருப்பவர்கள் தளம் தொடங்கி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அப்போது விதி. அந்த ஆறு மாதத்தில்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். யாருக்கு எழுதுகிறேன் என்பதே மாறிப்போயிற்று. இந்தியாவிலிருந்து விழும் சொடுக்குக்குச் சில்லறை, அமெரிக்காவிலிருந்து விழுவதற்கு அதைப்போல் பல மடங்கு. நியூஜெர்சியில் கல்யாணம் ஆகி ஆறு மாதமான, அம்மாவுக்கு போன் போட நேரம் ஒத்துவராத ஒரு பெண்தான் என் முதலாளி. அவளிடம் ‘நெல்லிக்காய் அளவு புளி’ என்று சொல்ல முடியாது. எந்த நெல்லிக்காய், அரை நெல்லியா முழு நெல்லியா என்று கேட்டு எழுதுவாள். நியாயமான கேள்விதான்.

ஒருநாள் தராசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கை நெல்லிக்காய் அளவு 12 கிராம். அத்தையின் கை நெல்லிக்காய் அளவு 19 கிராம். இரண்டு பேர் வைக்கிற ரசமும் ஒரே புளிப்பாகத்தான் இருக்கும். அத்தை ஒரு தடவைதான் கரைப்பார், நான் மூன்று தடவை பிழிவேன். இதை எந்த அளவில் எழுதுவது? ஆழாக்கு என்று அம்மா சொன்னதை 240 மில்லி கோப்பைக்கு மாற்ற, அம்மாவையே கோபியிலிருந்து வரவழைத்து அளந்தேன். கைப்பிடி என்பது துவரம்பருப்புக்கு ஒரு மாதிரி, கறிவேப்பிலைக்கு ஒரு மாதிரி. மூன்று நோட்டு நிரம்பியது. பதிவில் அது ஒரு வரியாகத்தான் வந்தது. நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அந்த மூன்று நோட்டுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் உடம்பு நோகிற உழைப்பு. பிராட்பேண்டில் ராத்திரி இரண்டு மணி முதல் காலை எட்டு வரை கணக்கில்லை என்ற திட்டம் எடுத்திருந்தோம். அலாரம் வைத்து எழுந்து படங்களை ஏற்றுவேன். 2012-இல் கோவையில் மின்வெட்டு ஒரு நாளில் பாதிக்கு மேல் போனபோது எங்கள் தெருவில் எல்லாரும் தவித்தார்கள். எனக்குப் படம் எடுப்பதில் மட்டும் ஒரு குறையும் இல்லை, ஜன்னல் வெளிச்சமே போதும். வடக்கு ஜன்னலடியில் முக்காலி, அதன்மேல் பழைய கதவுப் பலகை, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கத் தெர்மாகோல் அட்டை. “ஏங்கண்ணு, போட்டோ எடுத்தாச்சா? சோறு ஆறுது, புள்ளைக பசியோட உக்காந்திருக்குது” என்று அத்தை கேட்காத நாள் இல்லை. எங்கள் வீட்டில் நாலு வருடம் யாரும் சூடாகச் சாப்பிட்டதில்லை.

காசுக்குப் பருவம் உண்டு. நவராத்திரியில் சுண்டலும் தீபாவளிக்கு அதிரசமும் கூட்டம் சேர்க்கும். ஜனவரியில் விளம்பர விலை விழுந்துவிடும், சர்க்கரைப் பொங்கல் எத்தனை பேர் படித்தாலும் சரி. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. பாண்டா என்று பெயர். காசுக்காக ஒப்பேற்றி எழுதிய தளங்கள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. மீசோதீலியோமாக்காரர்கள் அத்தோடு கடையைக் கட்டினார்கள். என் தளம் தப்பியது. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. தொலைக்காட்சியில் நாடு மூழ்குவதாகச் சொன்னார்கள். நான் வெளியே சொல்லிக்கொள்ளாமல் சந்தோஷப்பட்டேன்.

2015-இல் ஒரு மாதத்துக்கு 35,000 ரூபாய் வரை பார்த்தேன். அதுதான் உச்சம். அதிலும் விளம்பரக் காசு பாதிதான். மீதி, மசாலா நிறுவனங்கள் சமைத்துக் காட்டச் சொல்லிக் கொடுத்தது, ஒரு உணவகத்துக்குப் படம் எடுத்தது, இரண்டு பத்திரிகைகளின் இணைப்பிதழுக்கு எழுதியது. வலைப்பதிவு வைத்துப் பிழைத்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் இதேதான் கதை. அந்தப் பக்கம் பெயர்ப் பலகை மாதிரி. அதைப் பார்த்து வருகிறவர்கள் கொடுக்கும் வேலையில்தான் சோறு.

பிறகு 2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது. இந்திக்கு 2014 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது, வங்கத்துக்கு 2017-இல். பதினைந்து வருடம் காத்திருந்த பந்தியை ஒருவழியாகப் போட்டார்கள், இலையில் உட்கார ஆள் இல்லை. எழுதியவர்கள் முகநூலுக்குப் போயிருந்தார்கள். நாவல் எழுதுகிறவர்கள் கிண்டிலுக்கும் பிரதிலிபிக்கும் போயிருந்தார்கள். சமையலோ முழுக்க யூடியூபுக்குப் போய்விட்டது. அதே 2018-இல் புதுக்கோட்டை மாவட்டத்து வயக்காட்டில் தாத்தாவும் பேரன்களுமாக அடுப்பு மூட்டிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ மூன்றே வருடத்தில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அவர்கள் புளியை அளந்து நான் பார்த்ததில்லை. அண்டாவில் கொட்டுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது.

எனக்கு மட்டும் ஒரு நப்பாசை. தமிழுக்கு வழி திறந்ததும் அம்மா பெயரில் தமிழில் ஒரு வலைப்பதிவு போட்டேன். அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கோபி வீட்டு முகவரி, அம்மாவின் வங்கிக் கணக்கு. நெல்லிக்காய் அளவு என்றால் நெல்லிக்காய் அளவுதான், கிராம் போடவில்லை. ஒரு வருடம் மூன்று மாதத்தில் 10 டாலர் சேர்ந்தது. பத்து சேர்ந்தால் அந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க, ஆறு இலக்க எண் அச்சடித்த கடிதம் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். தபால்காரர் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா எனக்கு போன் போட்டார்.

“கண்ணு, கூகுள்ல இருந்து வந்திருக்குது. எவ்வளவுன்னு போடலையே?”

“அது பணம் இல்லம்மா. நீங்க அங்கதான் இருக்கீங்களான்னு கேட்டு வந்த கடுதாசி. உள்ளே ஒரு நம்பர் இருக்கும், அதைப் படிங்க.”

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தார். நான் தட்டி முடித்ததும், “இதக் கிழிச்சு அனுப்பணுமா, நானே வெச்சுக்கலாமா?” என்று கேட்டார்.