ஆங்கிலத்தில் ஆறாத்துயர்ச் சொற்கள்: பொருள்மாற்றமும் மொழிபெயர்ப்பும்

ஆங்கிலத் துயரச் சொற்களை வரலாற்று அடிப்படையில் நோக்கின், அவற்றுள் சில தொடக்கத்தில் மனவுணர்வைச் சுட்டவில்லை என்பது புலனாகும். 'கிரீஃப்' பிரெஞ்சு வழி வந்தது. 'கனமான' எனப் பொருள்படும் இலத்தீன் 'கிராவிஸ்' அதன் மூலம். நடுக்கால ஆங்கிலத்தில் அது இன்னலையும் உடல்நோவையும் குறித்தது. 'பிரீவ்' என்பதன் பழம்பொருள் கொள்ளையிடுதல். நம் 'பறிகொடுத்தல்' இதனோடு ஒப்பிடத்தக்கது. 'சாரி' என்பது 'சாரோ'விலிருந்து பிறந்ததெனக் கருதுவோர் பலர். அது தவறு. முன்னது நோவைக் குறிக்கும் 'சோர்' என்பதன் இனம்; பின்னது, ஜெர்மனில் கவலையைக் குறிக்கும் 'சோர்கே' என்பதன் இனம்.

தேற்ற இயலாத் துயரைக் குறிக்கும் சொற்களுள் 'இன்கன்சோலபிள்', 'டிஸ்கன்சோலேட்', 'கம்ஃபர்ட்லெஸ்' ஆகியன எதிர்மறை ஒட்டால் ஆனவை. ஆதலின் ஆறுதற்சொல்லின் பொருள் மாறின், ஆறாமைச் சொல்லின் பொருளும் உடன் மாறும். மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இதுவே.

பழைய ஆங்கிலத்தில் ஆறுதலைக் குறித்த சொல் 'ஃப்ரோஃபோர்'. அது வழக்கிழந்தபின் அவ்விடத்தைப் பிரெஞ்சு வழி வந்த 'கம்ஃபர்ட்' கொண்டது. வலிமையைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபோர்ட்டிஸ்' இதன் பகுதி. எனவே ஒருவரைத் தேற்றுதல் என்பது அவரைத் திடப்படுத்துதலாகவே இருந்தது. உடற்சுகம் என்ற பொருள் பின்னர் ஓங்கியது. இன்று அமெரிக்க ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட்டர்' என்றால் பஞ்சடைத்த போர்வை!

யோவான் சுவிசேஷம் 14ஆம் அதிகாரம் 18ஆம் வசனம் இதற்கு நல்ல சான்று. கிரேக்க மூலத்திலும் இலத்தீனிலும் அங்கு நிற்பது அநாதைகளைக் குறிக்கும் சொல். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'ஸ்டேயோப்சில்ட்' என்றது. பெற்றோரை இழந்த பிள்ளை என்பது பொருள். (இன்று மாற்றாந்தாய் உறவைக் குறிக்கும் 'ஸ்டெப்' என்ற முன்னொட்டு இதுவே.) விக்ளிஃப் வழிவந்த மொழிபெயர்ப்பு 'தந்தையற்றோர்' எனப் பொருள்படும் சொல்லை இட்டது. 1526இல் டிண்டேல் 'கம்ஃபர்ட்லெஸ்' என்றார். 1611ஆம் ஆண்டுப் பதிப்பும் அதனையே கொண்டது. இரு வசனங்களுக்கு முன் ஆவியானவரைக் குறிக்க வரும் 'கம்ஃபர்ட்டர்' என்பதன் எதிரொலியாக டிண்டேல் இதனைத் தேர்ந்திருக்கலாம் என்பது என் கருத்து. மூலச்சொல்லைக் கைவிட்டாலும் இடத்தின் பொருளை அவர் இழக்கவில்லை. 1881இல் திருத்திய பதிப்பு 'டெசலேட்' என மாற்றியது. அதற்குள் 'கம்ஃபர்ட்லெஸ்' வசதியற்ற அறைக்கும் அடைமொழியாகிவிட்டிருந்தது.

தமிழ் விவிலியம் இவ்விடத்தில் 'திக்கற்றவர்' எனக் கிரேக்கத்தை ஒட்டிச் சென்றது. ஆவியானவரைத் 'தேற்றரவாளன்' என்றதில் மட்டும், பழைய 'கம்ஃபர்ட்டர்' தாங்கிய இருபொருளும் தற்செயலாகவேனும் அமைந்தன. தேறுதல் என்பது தெளிதலும் வலுப்பெறுதலுமாகும். நோயாளி தேறுகிறார் என்கிறோமன்றோ? டிண்டேல் காலத்து உரைகளைத் தமிழாக்குவோர் 'கம்ஃபர்ட்' வருமிடமெல்லாம் 'ஆறுதல்' என்றெழுதினால் இவ்வலுப்பொருள் கெடும். 'தேற்றரவு' பெரிதும் பொருந்தும்.

'இன்கன்சோலபிள்' என்பதற்கு நேராகத் தொல்காப்பியம் தரும் 'கையறுநிலை'யை இட விழைவு எழலாம். எனினும் வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சொல் தேற்ற வந்தோரின் இயலாமையைச் சுட்டுகிறது; கையறுநிலையோ இறந்தாரை எண்ணி எஞ்சியிருப்போர் செயலற்று நிற்பதைச் சுட்டுகிறது. அங்குத் தேற்றுவோர் எவரும் பேசப்படுவதில்லை.