பூஜ்ஜியம் போட்டு நூத்தியொண்ணு

உங்க ஆபீஸ் மேசை போன்ல 101 அடிச்சா யார் எடுப்பாங்க? தீயணைப்பு நிலையம்னு சொன்னீங்கன்னா உங்க ஸ்கூல் வாத்தியார் சந்தோஷப்படுவார். ஆனா மூணு இலக்க எக்ஸ்டென்ஷன் வெச்சிருக்கற நிறைய ஆபீஸ்ல நம்பர் 100-ல இருந்துதான் ஆரம்பிக்கும். அதனால 101 ரிசப்ஷனுக்கோ அக்கவுண்ட்ஸுக்கோ போகும். 112 ஸ்டோர் ரூமா இருக்கலாம். வெளிய போகணும்னா முதல்ல 0, அப்புறம்தான் 101. சரி, 0 போட்டாச்சு, லைனும் கிடைச்சாச்சுன்னு வெச்சுக்குவோம். அந்தப் பக்கம் எடுத்தவருக்கு நீங்க எந்த பில்டிங், எத்தனாவது மாடின்னு தெரியுமா?

இதுதாங்க மேட்டர். ஒரு அமெரிக்க கஸ்டமரோட ஆபீஸ் போன் சிஸ்டத்துல 911 சரியா போகுதான்னு டெஸ்ட் பண்றது கொஞ்ச நாளா என் தலையில விழுந்திருக்கற ஆணி. அதைப் புடுங்கும்போது தோண்டி எடுத்த வரலாறு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

ஒயரே முகவரியா இருந்த காலம்

ஆரம்பத்துல இந்தப் பிரச்னையே கிடையாது. மேனுவல் எக்ஸ்சேஞ்ச்ல ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனியா ஒரு ஜோடி ஒயர், போர்டுல ஒரு ஓட்டை. நீங்க வீட்டுல கைப்பிடிய சுத்தினா, உங்க ஓட்டைக்கு மேல இருக்கற சின்ன மூடி கீழ விழும். யார் கூப்பிடறாங்கன்னு நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே ஆபரேட்டருக்குத் தெரிஞ்சுடும்.

அப்புறம் ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்ச் வந்துச்சு. ஆபரேட்டர் போனாங்க, அவங்களோட அந்த ஞாபகமும் போச்சு. ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்ச்ல ஒரு அழைப்பு எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும்னா, இஞ்சினியர் ஒருத்தர் வரிசை வரிசையா இருக்கற சுவிட்சைத் தடவிக்கிட்டே பின்னாடி போகணும். அதுவரைக்கும் லைன் கட் ஆகாம இருக்கணும்.

1935 நவம்பர்ல லண்டன் விம்போல் தெருவுல ஒரு வீடு தீப்பிடிச்சு 5 பெண்கள் செத்துப்போனாங்க. பக்கத்துல இருந்தவர் போன் பண்ணியும் எக்ஸ்சேஞ்ச்ல எடுக்க ஆளில்லாம காத்துக்கிட்டே இருந்தார். அந்தக் கோபத்துல பிறந்ததுதான் 999. 1937 ஜூன் 30 அன்னிக்கு லண்டன்ல ஆரம்பிச்சாங்க. யாராவது 999 அடிச்சா எக்ஸ்சேஞ்ச்ல சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும். வரிசையில நிக்கற பிரச்னை தீர்ந்துச்சு. முகவரிய மட்டும் கூப்பிட்டவர்தான் சொல்லியாகணும்.

அமெரிக்காவுல முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16, அலபாமா மாநிலத்துல ஹேலிவில்ங்கற சின்ன ஊர்ல. அதுக்கப்புறம் 70கள்ல அவங்க ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. கூப்பிடறவரோட நம்பர் தானா கூடவே வரும், அந்த நம்பருக்கு எந்த முகவரின்னு ஒரு பட்டியல்ல தேடி ஸ்க்ரீன்ல காட்டும். ஆக, கூப்பிட்டவர் பேசலைன்னாலும் வண்டி கிளம்பும். மூச்சுத் திணறுறவருக்கும், சின்னக் குழந்தைக்கும், திருடனுக்குப் பயந்து அலமாரிக்குள்ள ஒளிஞ்சவருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

நடுவுல நுழைஞ்ச பெட்டி

இந்த ஏற்பாட்டுல ஓட்டை போட்டது இபிஏபிஎக்ஸ். கம்பெனியில 200 போன், வெளிய போக 10 லைன். நீங்க எந்த மேசையில இருந்து கூப்பிட்டாலும் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியறது அந்த 10 லைன்ல ஒண்ணு மட்டும்தான். அந்த லைனுக்கு பில் எந்த முகவரிக்குப் போகுதோ அதுதான் முகவரி.

நம்ம நாட்டுல இந்தப் பெட்டி பரவினதுக்கு சி-டாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1984-ல ஆரம்பிச்ச சி-டாட், 1986-ல கர்நாடகாவுல கிட்டூர்ல 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்சை நிறுவினது பல பேருக்குத் தெரியும். அதே குடும்பத்துல 128 போர்ட் இபிஏபிஎக்ஸும் பண்ணி, தயாரிக்கற உரிமைய தனியார் கம்பெனிகளுக்குக் கொடுத்தாங்க. லாட்ஜ், ஆஸ்பத்திரி, மில்லுன்னு எல்லா இடத்துக்கும் பெட்டி போய்ச் சேர்ந்துச்சு.

இப்ப நம்ம கொங்கு மில்லுகளை நெனச்சுப் பாருங்க. ரிஜிஸ்டர்டு ஆபீஸ் கோவை டவுனுக்குள்ள. மில்லு அன்னூர் பக்கமோ பல்லடம் பக்கமோ. உள்ள மிக்சிங், புளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், பஞ்சு குடோன், ஹாஸ்டல்னு ஒரு குட்டி ஊரே இருக்கும். பஞ்சு தீப்பிடிக்கறது இங்க புதுசில்ல. புளோ ரூம்ல ஒரு பொறி போதும். அந்த நேரத்துல தீயணைப்பு வண்டி எந்த கேட் வழியா வரணும்ங்கறது நிமிஷக் கணக்கு. முன் கேட்டுல வந்து நின்னு, செக்யூரிட்டி பின் கேட்டுக்குக் கைகாட்டி, அவங்க சுத்திப் போறதுக்குள்ள பேல் பேலா எரிஞ்சிருக்கும்.

டெக்சாஸ்ல ஒரு குழந்தை

அமெரிக்காவுல இந்த ஓட்டை ரொம்ப வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. சில மாநிலங்கள் தனித்தனியா சட்டம் போட்டுச்சு. நாடு முழுக்க உலுக்கினது 2013 டிசம்பர் 1 அன்னிக்கு டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் ஊர்ல ஒரு மோட்டல் அறையில நடந்த கொலை. காரி ஹன்ட்ங்கற பெண்ணை, பிரிஞ்சு வாழ்ந்த கணவர் குத்திக் கொன்னார். அவங்களோட 9 வயசுப் பொண்ணு, அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே அறை போன்ல 911 அடிச்சுது. நாலு தடவை. ஒரு தடவை கூட லைன் போகல. அந்த மோட்டல்ல வெளிய கூப்பிட முதல்ல 9 போடணும். 9 வயசுக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்?

காரியோட அப்பா ஊர் ஊரா போய்ப் பேசினார். 2018 பிப்ரவரி 16 அன்னிக்கு, அதாவது ஹேலிவில் அழைப்பு நடந்து சரியா 50 வருஷம் கழிச்சு, 'காரி சட்டம்' கையெழுத்தாச்சு. 2020 பிப்ரவரி 16-க்கு அப்புறம் அமெரிக்காவுல விக்கற, நிறுவற எந்த ஆபீஸ் போன் சிஸ்டத்துலயும் முன்னாடி எந்த எண்ணும் போடாம 911 போகணும். கூடவே ரிசப்ஷனுக்கோ செக்யூரிட்டிக்கோ ஒரு தகவல் போகணும், வண்டி வந்தா வழிகாட்ட. அதே 2018-ல வந்த ரே பாம் சட்டம் இன்னொரு படி மேல: தெரு முகவரியோட மாடி, அறை மாதிரி ஆளைக் கண்டுபிடிக்கத் தேவையான விவரமும் போகணும். ஒரே இடத்துல இருக்கற போனுக்கு 2021 ஜனவரி 6, தூக்கிட்டுத் திரியற சாஃப்ட்போன் வகையறாவுக்கு 2022 ஜனவரி 6 கெடு.

எப்படிப் பண்றாங்க? கட்டடத்தைச் சின்னச் சின்ன மண்டலமாப் பிரிப்பாங்க. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நேரடி நம்பர். மூணாவது மாடி கிழக்குப் பக்கத்துல யார் 911 அடிச்சாலும் அந்த மண்டலத்து நம்பர்தான் வெளிய போகும், அதுக்கு எதிர்ல முகவரி, மாடி எல்லாம் எழுதியிருக்கும். ஐபி போனா இருந்தா, அது செருகியிருக்கற நெட்வொர்க் சுவிட்சே "நீ இந்த இடத்துல இருக்கே"ன்னு போனுக்குச் சொல்லும். இதுக்கான தரநிர்ணயம் 2006-லயே வந்தாச்சு. சரியா இருக்கான்னு பார்க்க பல சேவைகள்ல 933-னு ஒரு நம்பர். அடிச்சா பதிவான முகவரிய ஒரு குரல் படிச்சுக் காட்டும்.

சைடுல ஒரு சுவாரசியம். அமெரிக்க ஆபீஸ்ல இருந்து இந்தியாவுக்குக் கூப்பிட 9, அப்புறம் 011, அப்புறம் 91. அந்த 0 சரியா விழலைன்னா முதல் மூணு எண் என்ன ஆகுதுன்னு பாருங்க. வீட்டுக்குப் பேச நெனச்ச நம்மாளுக்கு போலீஸ் லைன்ல வரும் :-) வெளி லைனுக்கு 9-க்குப் பதிலா 8, 7-னு மாத்திக்கிட்ட கம்பெனிகள் உண்டு.

நம்ம ஊர்க் கதை

சரி, நம்ம பக்கம் வருவோம். இங்க நம்மளைக் காப்பாத்திக்கிட்டு இருந்தது ஒரு சம்பந்தமில்லாத விதி. சென்னை ஆபீஸ்ல இருந்து கம்பெனியோட சொந்த டேட்டா லைன்ல கோவைக்கு வந்து, இங்க லோக்கல் காலா வெளிய போனா எஸ்டிடி காசு மிச்சம். அது அரசுக்கு நஷ்டம்னு தடை பண்ணியிருந்தாங்க. இந்த ஒரு விதிக்காகவே 2009-ல சிஸ்கோ தன்னோட கால் மேனேஜர் 7.1-ல 'லாஜிக்கல் பார்ட்டிஷனிங்'னு ஒரு வசதி சேர்த்துச்சு. காசுக்காகப் போட்ட விதிதான். ஆனா அதோட பக்கவிளைவா, கோவையில இருந்து கூப்பிட்டா 0422 லைன் வழியாத்தான் போகும். 101 அடிச்சா கோவைக்குள்ளயே மணி அடிக்கும்.

2020 நவம்பர்லயும் 2021 ஜூன்லயும் மத்திய அரசு கால் சென்டர், பிபிஓ வகையறாவுக்கான விதிகளைத் தளர்த்துச்சு. இப்ப அவங்களோட இபிஏபிஎக்ஸ் எங்க வேணும்னாலும் இருக்கலாம், வெளிநாட்டுல கூட. ஆள் வீட்டுல இருந்தும் வேலை பார்க்கலாம். நல்ல விஷயம்தான், நானே அதுல பலன் அடைஞ்சவன். ஆனா எக்ஸ்டென்ஷன் நம்பருக்கும் ஊருக்கும் இருந்த கடைசி முடிச்சும் அதோட தளர்ந்துடுச்சு. இணையத் தொலைபேசி பத்தி 2017 அக்டோபர்ல டிராய் கொடுத்த பரிந்துரையிலயும் அவசர அழைப்பு வசதி ஊக்குவிக்கப்பட வேண்டியது, கட்டாயமில்லைங்கற அளவுலதான் இருக்கு. காரி சட்டம் மாதிரி ஆபீஸ் போனுக்குன்னு தனிச் சட்டம் நமக்கு இல்ல.

தமிழ்நாட்டுல 108 வந்தது 2008 செப்டம்பர். ஒற்றை எண் 112 வந்தது 2019 பிப்ரவரி. ஆம்புலன்ஸுக்காக 108 அடிச்சா சென்னையில இருக்கற மையத்துல எடுப்பாங்க. அவங்க பொறுமையா மாவட்டம், ஊர், லேண்ட்மார்க்னு கேப்பாங்க. நம்ம ஆளு பதட்டத்துல, "ஏனுங்க, அவிநாசி ரோட்டுல பாலத்துக்குப் பக்கத்துலதானுங்க"ம்பார். உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 2025-ல திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலம் மட்டுமே 10 கிலோமீட்டர். எந்தப் பக்கத்துலன்னு கேட்டா சாமிக்குத்தான் தெரியும். கூப்பிட்டது ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்து மில்லுல வேலை பார்க்கற பையனா இருந்தா? ரோடு பேரே அவனுக்குத் தெரியாம இருக்கலாம்.

"அதான் செல்போன் இருக்கே, ஜிபிஎஸ் இருக்கே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். 2018-ல இருந்து இந்தியாவுல விக்கற போன்ல ஜிபிஎஸ் இருக்கணும்னே விதி போட்டாங்க. வாட்ச்மேன் அண்ணன் கையில இருக்கற போன், லட்ச ரூபா இபிஏபிஎக்ஸை விட நல்லா இடம் சொல்லும். ஆனா ஜிபிஎஸ் எத்தனாவது மாடின்னு சொல்லாது. அதை விட முக்கியம், செல்போன் உள்ள வரக்கூடாதுங்கற இடங்கள். கிரெடிட் கார்டு விவரம் கையாளற பிபிஓ தளங்கள்ல போனை லாக்கர்ல வெச்சுட்டுத்தான் போகணும். தமிழ்நாட்டு நூற்பாலை ஹாஸ்டல்கள்ல பெண் தொழிலாளிகளுக்கு செல்போன் கட்டுப்பாடு இருக்கறதை 2014-ல சோமோ, ஐசிஎன்ங்கற ரெண்டு நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை பதிவு பண்ணியிருக்கு. செல்போனை வெளிய வாங்கி வெச்சுட்டு, உள்ள இருக்கற போன் இடம் சொல்லாத போனா இருந்தா, அது அந்த நிர்வாகம் எடுத்துக்கிட்ட பொறுப்பு. சட்டம் கேக்கலைங்கறது இதுக்கு பதிலாகாது.

எனக்கு உறுத்தறது ஒண்ணுதான். கோவையில உக்காந்து, ஏழு கடல் தாண்டி இருக்கற ஒரு ஆபீஸோட மூணாவது மாடி கிழக்கு மூலை சரியா பதிவாகியிருக்கான்னு ராத்திரி எல்லாம் டெஸ்ட் பண்றோம். நாங்க உக்காந்திருக்கற மாடிக்கு அப்படி ஒரு டெஸ்ட் கேஸே எழுதப்படல. தொழில்நுட்பம் தெரியாதவங்க இல்ல நாம.

சட்டம் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லைங்க. பைசா செலவில்லாத வேலைகள் நாலு இருக்கு:

1. 100, 101, 108, 112 இந்த நாலையும் எக்ஸ்டென்ஷனா வெக்காதீங்க. 0 போட்டாலும் போடாட்டியும் வெளிய போற மாதிரி டயல் பிளான்ல எழுதச் சொல்லுங்க.
2. அந்த அழைப்பு வேற ஊர் கேட்வே வழியாப் போகாம அந்தந்த ஊர் லைன்லயே போகுதான்னு பாருங்க.
3. அதே நேரத்துல செக்யூரிட்டி மேசையில எந்த எக்ஸ்டென்ஷன்னு காட்டி மணி அடிக்கட்டும்.
4. ஒவ்வொரு போன் மேலயும் ஒரு ஸ்டிக்கர்: கட்டடம், மாடி, எந்த கேட், பக்கத்துல என்ன இருக்கு. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூணுலயும்.

நாலாவதுக்கு டெண்டர் விடத் தேவையில்ல, ஒரு பிரிண்ட் அவுட் போதும். திங்கக்கிழமை போனதும் உங்க அட்மின்கிட்ட இந்த நாலையும் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, கம்பெனி பேர் வேண்டாம்.

டிஸ்கி: சோதனை பண்றேன்னு சும்மா 112 அடிச்சு விளையாடாதீங்க சாமி. நிஜமா ஒருத்தர் அந்த நேரம் லைனுக்குக் காத்திருப்பார்.