மணலில் ஆனா ஆவன்னா

எங்க ஆண்டாப் ஹில் பக்கம் நம்ம பிள்ளைங்க தமிழ் நல்லாப் பேசும். படிக்கச் சொன்னால் "அப்பா, ஹிந்தியில எழுதிக் குடு" என்கும். அதுங்ககிட்ட நான் சொல்வது சீகன்பால்கு கதை.

டென்மார்க் மன்னர் அனுப்பிய இந்த ஜெர்மன்காரர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். வயது கிட்டத்தட்ட 24. திண்ணைப் பள்ளி வாத்தியாரை வீட்டுக்கே அழைத்து, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார்.

பிறகு தன் அன்றாட வேலையை ஊருக்கு எழுதியிருக்கிறார். பேங்கில் குப்பை கொட்டும் எனக்கு இந்த நேரக்கணக்கு ரொம்பப் பிடிக்கும். காலை 7 முதல் 8 வரை பழைய சொற்களை ஒப்பிப்பது. 8 முதல் 12 வரை புது ஓலைச்சுவடி. பக்கத்தில் வயதான புலவர் ஒருவர், எழுத்தர் ஒருவர். புதுச்சொல் வந்தால் எழுத்தர் உடனே குறிக்கணும். சாப்பிடும்போதும் யாராவது வாசிக்கணும். 3 முதல் 5 வரை மறுபடி சுவடி. இரவு 7 முதல் 8 வரை, கண் வலிக்காமல் இருக்க, பிறர் வாசிக்கக் கேட்பது. பிரசங்கம் எல்லாம் இடையில்தான்!

1708 கடைசியில் டேனிஷ் தளபதியே அவரை 4 மாதம் சிறையில் போட்டார். 1715ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. நம்ம சாமிகளைப் பற்றியும் 1713ல் ஒரு புத்தகம் எழுதி அனுப்பினார். மதம் மாற்றப் போனவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று ஜெர்மனியில் பெரியவர்கள் அச்சிடவில்லை. அது வெளிவந்தது 1867ல், சென்னையில்.

1719ல் 36 வயதில் இறந்தார். கல்லறை தரங்கம்பாடி புது எருசலேம் தேவாலயத்தில் இருக்கிறது. லீவில் ஊருக்குப் போனால் மாயவரத்திலிருந்து பஸ் உண்டு.