மார்பிற் புற்றும் மனத்துயரும்

கி. பி. 1847ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த இளம் வைத்தியர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டையிலே தம் பணியைத் தொடங்கினார். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். 1823இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி அக்காலத்திலே கல்விப் புகழோடு விளங்கிற்று. கிறீன் பின்னர் மானிப்பாய்க்குச் சென்று நிலைபெற்றதும், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கியதும் நம்மவர் நன்கறிந்த செய்திகள். அத்துணை அறியப்படாத செய்தி ஒன்றுண்டு. கிறீனை இங்கு அனுப்பிய அதே அமெரிக்கச் சபை, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1834இல், பீற்றர் பார்க்கர் என்னும் வைத்தியரைச் சீன தேசத்துக் கான்டன் நகருக்கு அனுப்பியிருந்தது.

பார்க்கர் 1835 நவம்பரில் அங்கே ஒரு கண் வைத்தியசாலையைத் திறந்தார். கண்ணோயாளருக்கெனத் திறந்த அவ்விடத்தைப் பெருங் கட்டிகளைச் சுமந்தோரும் நாடி வந்தனர். அவர்களிற் பலரை லாம்குவா என்னும் சீன ஓவியர் பார்க்கருக்காக எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அப்படங்களிற் பெரும்பாலானவை இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மார்பிற் கட்டி முற்றிப் புண்ணாகிய பெண்களின் உருவங்களும் அவற்றிடையே உண்டு. உடல் அழிந்துகொண்டிருக்க, முகம் மட்டும் சலனமின்றி அமைதியாயிருத்தல் காண்போர் நெஞ்சை உறுத்தும். அம்முகங்களின் பின்னே இருந்த துயரை ஓவியர் தீட்டவில்லை. அறுவை வைத்தியமும் அதனைத் தன் பொறுப்பென்று கொள்ளவில்லை.

ஆயின், அத்துயரையே நோயின் வேரெனக் கொண்ட வைத்திய மரபு ஒன்று அந்நாட்டிலே பன்னூறு ஆண்டுகளாக வழங்கி வந்தது. பதினான்காம் நூற்றாண்டினரான ஜூ தான்சீ (1281–1358) என்னும் சீன வைத்தியர் மார்பிற் தோன்றும் கடுங் கட்டியைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். மார்பு இரைப்பையின் நாளத்துக்கும், முலைக்காம்பு ஈரலின் நாளத்துக்கும் உரியன என்பது அவர் கொள்கை. கணவனிடத்தோ மாமன் மாமியிடத்தோ அன்பு பெறாத பெண்ணின் கவலையும் சினமும் நாடோறும் உள்ளே திரளுமாயின், ஈரலின் ஓட்டம் தடைப்படும். நோவும் தினவும் இல்லாத ஒரு கட்டி மறைவாகத் தோன்றும். பல்லாண்டு கழித்து அது குழிந்து புண்ணாகும். அப்புண் பாறைக் குகை போலத் தோன்றுதலால் அந்நோய்க்கு 'மார்பிற் பாறை' எனப் பொருள்படும் பெயரை வழங்கினர். தமிழர் கறையான் புற்றைக் கண்டனர். கிரேக்கர் நண்டைக் கண்டனர். சீனர் பாறையைக் கண்டனர்.

தம் குலத்துப் பெண் ஒருத்தியை அவர் குணப்படுத்திய வரலாறு சுவையானது. அவளுக்கு வயது 18. இயல்பிலே படபடப்புடையவள். கணவனோடு மனமொத்தே வாழ்ந்தாள். இடரெல்லாம் மாமியாலேதான் என்று வைத்தியர் குறித்துச் செல்கிறார். (அத்தகைய வீட்டைக் காண்பதற்கு நாம் சீனம்வரை செல்ல வேண்டியதில்லை.) தோடையினத்துக் கனியொன்றின் பச்சைத் தோலாற் செய்த கஷாயத்தோடு இரத்தத்தை ஊட்டும் பிற மூலிகைகளையும் மாறி மாறிக் கொடுக்க, இரண்டு மாதத்தில் அவள் நலம் பெற்றாள். வைத்தியர் பொய் கூறினார் என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், அவ்வயதுப் பெண்களின் மார்பிலே புற்றல்லாத கட்டிகள் தோன்றுதல் இயல்பு என்பதும், அவற்றுட் சில தாமே கரையும் என்பதும் இன்று நன்கறியப்பட்டவை. மூலிகையாற் புற்று நீங்கிற்று என்று வாய்வழி வரும் கதைகள் பலவற்றின் நிலையும் இதுவே. புண்ணாகிய பின் இந்நோய் தீராதது என்று ஜூ தான்சீ தாமே ஒளியாது எழுதியமை அவருடைய நேர்மைக்குச் சான்று. 1617இல் அறுவை நூலொன்றை வெளியிட்ட சென் ஷிகோங் என்பாரும் கவலை ஈரலையும், ஓயாத சிந்தனை மண்ணீரலையும் கெடுப்பதாலேயே இந்நோய் வருமென்றார்.

இம்மரபிற் சிறந்த மருந்து சியாவ்யாவ் சான் என்னும் சூரணம். சுங் அரச காலத்து அரசாங்க மருந்துச்சாலையின் யோகத் திரட்டிலே அது இடம்பெற்றது. 'கவலையின்றி உலாவுதல்' என்பது அப்பெயரின் கருத்து. சீனத்துக்கே உரிய வேர்கள் சிலவற்றோடு, நமக்கும் பழக்கமான அதிமதுரத்தின் இனமும் இஞ்சியும் புதினாவும் அதிற் சேரும். மார்பிற் புற்றோடு மனச்சோர்வும் உற்ற பெண்களுக்கு, மேனாட்டுச் சிகிச்சையோடு கூட இதனையும் சீன வைத்தியசாலைகளிற் கொடுக்கின்றனர். மனச்சோர்வு ஓரளவு தணிகின்றது என அங்கு நடந்த ஆய்வுகள் பல கூறும். அவற்றுட் பெரும்பாலானவை சிறியவை. நடத்திய முறையிலும் குறையுடையவை. கட்டியைக் கரைக்கும் மருந்தென அதனைக் கொள்ளுதற்கு ஆதாரமில்லை.

துயரமே புற்றுக்கு வேர் என்ற எண்ணம் சீனர்க்கு மட்டும் உரியதன்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே காலென் என்னும் கிரேக்க வைத்தியர், மனச்சோர்வைத் தருவதாகக் கருதப்பட்ட கரும் பித்தமே புற்றையும் விளைக்கின்றது என்றார். வாத பித்த கபங்களின் நிலைபேறு கொண்டு உடலையும் மனத்தையும் ஒருங்கு நோக்கும் சித்த வைத்தியமும் இவற்றுக்கு அயலானதன்று. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரமும் பரராசசேகரமும் அம்மரபு இங்கே வேரூன்றியிருந்தமைக்குச் சான்றாவன. ஏட்டுச் சுவடிகளாய்க் கிடந்த அவற்றை அச்சேற்றிய ஏழாலை ஐ. பொன்னையா பிள்ளைக்கு நாம் கடப்பாடுடையோம்.

இனி, மூலிகையும் கத்தியும் பகைவர் என எண்ணுவோர் யப்பான் தேசத்து ஹனவோக்கா செய்ஷூவின் வரலாற்றை அறிதல் வேண்டும். சீன மூலிகை வைத்தியத்தையும் ஒல்லாந்தர் வழிவந்த அறுவையையும் ஒருங்கு கற்ற அவர், ஊமத்தையினத்தையும் நாபியினத்தையும் முதன்மையாகச் சேர்த்து மயக்க மருந்தொன்றை ஆக்கினார். அது பல்லாண்டு உழைப்பின் பயன். அதனைத் தம்மீது சோதிக்க உடன்பட்ட அவர் மனைவி கண்பார்வை இழந்தார் என்பர். 1804 ஒக்டோபர் 13இல் 60 வயது மூதாட்டி ஒருவருக்கு அம்மருந்தைப் பருகக் கொடுத்து, உணர்விழந்த நிலையில் மார்பிற் புற்றை அறுத்தெடுத்தார். பொஸ்தன் நகரிலே ஈதர் மயக்கம் 1846இல் வெளிப்படக் காட்டப்படுதற்கு 42 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. அம்மூதாட்டி மறு ஆண்டு தொடக்கத்திலேயே இறந்தார். எனினும், பின்னர் 150க்கு மேற்பட்ட மார்பிற் புற்றுநோயாளர்க்கு அவர் அறுவை செய்தார். நம் வேலியோரத்து ஊமத்தைக்கு உறவான செடி அங்கே கத்திக்கு வழி திறந்தது.

கிறீன் யாழ்ப்பாணத்திலே திறந்த வழி வேறு. 1862இல் இரண்டாம் முறை இங்கு வந்தவர், 1864 தொடக்கம் தம் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். இங்கிலீஷில் பயின்றவர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டகல்வர். தமிழிற் பயின்றவர் தம் ஊரிலேயே தங்கி ஏழைகளைப் பார்ப்பர் என்பது அவர் கருத்து. 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'வைத்தியாகரம்' என நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூலொன்றையும் அவர் 'இந்து பதார்த்த சாரம்' என்னும் பெயரால் தமிழாக்கினார். நாட்டு வைத்தியரோடு அவர் முற்றும் இணங்கினாரல்லர். ஆயினும் நோயாளி தன் நோயைத் தன் மொழியிலே சொல்லவும் அதற்கு விடையைத் தன் மொழியிலே கேட்கவும் வேண்டும் என்பதை அவரைப்போல் உணர்ந்தவர் அக்காலத்திற் சிலரே. மார்பிற் கட்டியை நாணத்தால் மறைக்கும் பெண்ணுக்கு இதைவிட வேண்டுவது வேறில்லை.

துயரமே வேர் என்ற பழங் கொள்கை இன்று நிலைபெறவில்லை. 2023இல் வெளியான ஆய்வொன்று நெதர்லாந்து, பிரித்தானியா, நோர்வே, கனடா ஆகிய நாடுகளில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஒருங்கு நோக்கிற்று. மனச்சோர்வு மார்பிற் புற்றை விளைத்ததாக அதிற் காணப்படவில்லை. இம்முடிவு பெண்களுக்கு ஒரு விடுதலை என்றே சொல்ல வேண்டும். 'நீ மனத்தை அலட்டிக்கொண்டதால் வந்த வினை' என்று உற்றாரே பழி சுமத்தும் கொடுமைக்கு இனி இடமில்லை. ஆயின், துயரைக் கண்ட பழைய வைத்தியர் கண் பொய்த்ததன்று. முதலும் முடிவும் மாறித் தோன்றின. புற்றுற்றவரைச் சோர்வு பற்றுதல் மிகுதி. அது தனியே மருந்தும் ஆறுதலும் வேண்டி நிற்கும் நோய்.

அம்மருந்திலும் விழிப்பு வேண்டும். மார்பிற் புற்றுக்குரிய தமொக்சிபென் என்னும் மருந்து உடலினுள்ளே மாறுதலடைந்தே முழுப் பயன் தரும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பரொக்செற்றீன் அம்மாறுதலைத் தடுக்கும். சியாவ்யாவ் சானிற் சேரும் தாங்குய் என்னும் வேர், ஆய்வுக்கூடத்திலே மார்பிற் புற்றுக் கலங்கள் சிலவற்றை வளரத் தூண்டியதும் உண்டு. நம் முற்றத்துப் பட்டிப்பூவின் கதையும் இத்தகையதே. நீரிழிவுக்கு மருந்தென்று கேள்விப்பட்டு அதனை ஆராய்ந்த கனடா விஞ்ஞானிகள் நோபிளும் பியரும், 1958இல் அதிலிருந்து புற்றுக்கு எதிரான வின்பிளாஸ்ரீனைப் பிரித்தனர். அச்செடியின் சரக்கிலிருந்து ஆக்கிய வினோரெல்பீன் மார்பிற் புற்றுக்கும் கொடுக்கப்படுகின்றது. பிரித்தெடுத்து நிறுத்து அளந்த மருந்து அது. இலையை இடித்துக் குடிப்போர் அதனைப் பெறுவதில்லை, நஞ்சையே பெறுவர்.

யாழ்ப்பாணத்துப் புற்றுநோயாளர் பலர் நெடுங்காலம் மகரகமை செல்ல வேண்டியிருந்தது. போர்க்காலத்திலே அப்பயணமே ஒரு நோயாயிற்று. 2011இல் நாட்டின் தென்முனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி 1984இலேயே தொடங்கிற்று. இவ்விரண்டிடத்தும் நோயாளியோடு தமிழிலேயே பேசுகின்றனர். சித்த வைத்தியரிடம் குடிக்கும் கஷாயத்தைத் தெல்லிப்பழையிலே சொல்லவும், தெல்லிப்பழையிற் கொடுத்த மருந்துச் சீட்டைச் சித்த வைத்தியரிடம் காட்டவும் நோயாளிக்கு இன்று மொழித் தடையில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து தெல்லிப்பழை பத்துக் கட்டைக்கு உட்பட்ட தூரமே.