டேங்க்: ஒரு சொல், மூன்று பொருள்



நம் பகுதியில் 'டேங்க்' என்றால் மூன்று பொருள். மொட்டை மாடியில் இருப்பது தண்ணீர் டேங்க். ஆவடியில் செய்வது போர் டேங்க். பழைய வருவாய்த்துறை ஆவணங்களில் 'அம்பத்தூர் டேங்க்' என்றால் நம் ஏரி. மூன்றும் ஒரே சொல்தான்.

இது ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல. குஜராத்தில் மழைநீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டிக்கு 'டாங்கா' என்று பெயர். மராத்தியிலும் இதை ஒட்டிய சொல் உண்டு. அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்று அகராதிகள் கூறுகின்றன. 'தான்க்' என்ற போர்த்துகீசியச் சொல்லும் துணை நின்றிருக்கலாம். 'தாங்கல்' என்ற நம் சொல் ஒலியில் நெருங்கினாலும், அதுதான் மூலம் என்பதற்குச் சான்றில்லை.

போர் வண்டிக்கு இப்பெயர் வந்தது ரகசியம் காக்க. முதல் உலகப் போரில், 1915 டிசம்பரில், இங்கிலாந்தில் தயாரான கவச வண்டியை எதிரி அறியக்கூடாது என்று 'டேங்க்' எனப் பெயரிட்டார்கள். கேட்பவர் தண்ணீர்த் தொட்டி என நினைக்க வேண்டும். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் அது களமிறங்கியது, புனைபெயரே நிலைத்துவிட்டது. 1965-இல் ஆவடியிலிருந்து முதல் 'விஜயந்தா' வெளிவந்தது.

ஏரிக்கு வருவோம். ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், ஊருணி, கண்மாய் என்று நாம் பிரித்துச் சொன்னவற்றையெல்லாம் ஆங்கிலேய அதிகாரிகள் 'டேங்க்' என்ற ஒரே சொல்லில் அடைத்தார்கள். பள்ளிப் பாடத்தில் ஏரிப் பாசனமும் 'டேங்க் இரிகேஷன்' ஆயிற்று.

தொட்டி தனியாக நிற்பது. ஏரி அப்படியல்ல. அதற்கு வரத்துக் கால்வாய் உண்டு, கரை உண்டு, மதகு உண்டு, மிகுதி நீர் வழியக் கலங்கல் உண்டு. அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி மூன்றும் தொடர் ஏரிகள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். ஏரியை வெறும் தொட்டியாகப் பார்த்தால், இடையிலுள்ள கால்வாய் காலி மனையாகத்தான் தெரியும். அங்கே வீடு எழும்பினால் மழைநீர் வீட்டுக்குள்தான் வரும்.

எனவே பேரப்பிள்ளைகளுக்கு 'டேங்க்', 'லேக்' என்பதோடு மதகு, கலங்கல் என்ற சொற்களையும் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு கரைக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். உங்கள் ஊர் ஏரியின் பெயரையும், அதன் நீர் அடுத்து எங்கே போகிறது என்பதையும் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.